ஹொட்ஸ்பொட்டாக ஓடும் பழைய போன்: பெட்டரி ஊதாமல் பார்த்துக்கொள்வது எப்படி

தேயிலைத் தோட்டப் பக்கத்தில் பல லயங்களில் (வரிசை வீடுகளில்) சிக்னல் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கும்: இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) ஒரு மூலை, அல்லது டவர் இருக்கும் மலையைப் பார்த்த ஜன்னல். அங்கே ஒரு பழைய 4ஜி போனை வைத்து ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டால் காம்பரா முழுவதும் இணையம் கிடைக்கும். ஆனால் இரவு பகலாக சார்ஜரிலேயே கிடக்கும் போனின் பின்மூடி சில மாதங்களிலேயே மெல்ல எழும்பத் தொடங்கலாம். பிள்ளைகள் தூங்கும் அறையில் அப்படி ஒரு பெட்டரி இருக்கவே கூடாது.

லித்தியம் பெட்டரி 100 சதவீதத்தில் இருக்கும்போது அதன் ஒரு மின்கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், சில போன்களில் 4.35, 4.4 வரை போகும். அந்த உச்சத்திலேயே நாள் கணக்கில் நின்றால், அதோடு சூடும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். ஊதுவது அதனால்தான். ஆகவே 80இல் நிறுத்தி, 40க்கு இறங்கியதும் மறுபடி ஏற்ற வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பது உங்களிடம் உள்ள போனைப் பொறுத்தது.

முதலில் செட்டிங்ஸில் பெட்டரிப் பகுதியைத் திறந்து பாருங்கள். சாம்சங், சோனி, பிக்சல் போன்றவற்றின் பிந்திய மாடல்களில் சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. இருந்தால் அதைப் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். ரூட் செய்த போன் (உள் அமைப்பையே மாற்றும் முழு அனுமதி திறந்த போன்) என்றால், அந்த அனுமதியைக் கையாளும் மேஜிஸ்க் செயலி வழியாக, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஏசிசி என்ற மென்பொருளை ஏற்றி, நிறுத்தும் அளவு, தொடங்கும் அளவு இரண்டையும் கொடுக்கலாம். சில போன்களில் ஏசிசி சார்ஜை நிறுத்தினாலும் போன் சார்ஜரிலிருந்தே ஓடும், பெட்டரி சும்மா இருக்கும். எல்லாவற்றிலும் நல்ல நிலை அதுதான்.

இரண்டும் இல்லாத போனுக்கு, பிளக்கில் செருகும் 24 மணி நேர டைமர் போதும். வட்டத்தைச் சுற்றி 96 ஊசிகள் இருக்கும். ஒன்றுக்கு 15 நிமிடம். ஊசி எண்ணுவதற்கு முன் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டார் வழக்கம்போலப் பாவிக்கும்போது 80இலிருந்து 40க்கு இறங்க எவ்வளவு நேரம்? ஹொட்ஸ்பொட் ஓடிக்கொண்டிருக்க 40இலிருந்து 80க்கு ஏற எவ்வளவு நேரம்? இறங்க 3 மணி, ஏற 1¼ மணி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5 ஊசிகள் 'ஓன்', 11 ஊசிகள் 'ஓஃப்' என்று மாற்றி மாற்றி வையுங்கள். நாலு மணிக்கு ஒரு சுற்று, நாளைக்கு ஆறு சுற்று. நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதால் கரண்ட் போய் டைமர் பின்தங்கினாலும் மணி தவறியதாகக் கவலையில்லை.

ஆனால் டைமருக்கு போனின் நிலை தெரியாது. மேலே சொன்ன கணக்கிலேயே ஒவ்வொரு சுற்றிலும் 3 சதவீதம் அளவு கூடுதலாக ஏறும். இரண்டு நாளில் 100ஐத் தொட்டுவிடும். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் வீடியோ பார்த்தால் கணக்கு மறுபக்கம் சரியும். அதனால் தினமும் மாலையில், சார்ஜ் முடிந்த கையோடு ஒரு தடவை பாருங்கள். 85க்கு மேல் போயிருந்தால் ஏதாவது ஒரு சுற்றில் 'ஓன்' ஊசி ஒன்றைக் குறைக்கவும். 70ஐயும் எட்டவில்லை என்றால் ஒன்றைக் கூட்டவும். கரண்ட் நீண்ட நேரம் போய் வந்தால் வட்டத்தைக் கையால் 'ஓன்' பகுதிக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச 'ஓஃப்' நேரம் முடிவதற்குள் போன் அணைந்துவிடும்.

வைஃபை வழியாகப் போட்டு அணைக்கும் பிளக் ஒன்றை, போனில் வேலைகளைத் தானாகச் செய்விக்கும் மேக்ரோட்ராய்டு செயலியோடு இணைத்து 40இல் போட, 80இல் அணைக்கச் செய்வதும் உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பிளக்கே இந்தப் போனின் ஹொட்ஸ்பொட்டை நம்பித்தான் இருக்கிறது. போன் அணைந்தால் பிளக்குக்குக் கட்டளை கொடுக்க ஆளில்லை. பிளக் ஓஃப் ஆக இருந்தால் போனுக்கும் உயிர் வராது. பிளக்கின் செயலியில், கரண்ட் வந்ததும் 'ஓன்' ஆகும்படி கட்டாயம் மாற்றி வையுங்கள்.

சார்ஜர் 5 வோல்ட், 1 அம்பியர் போதும். வேக சார்ஜ் வேண்டாம், செட்டிங்ஸிலும் அணைத்துவிடுங்கள். ரூட்டரின் யூஎஸ்பி 2 துளையிலிருந்து கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே கிடைப்பது பெரும்பாலும் 0.5 அம்பியர், அதாவது 2.5 வாட். சிக்னல் மோசமான இடத்தில் போன் டவரை எட்ட அதிக வலுவோடு அனுப்பும். அப்போது உள்ளே வருவதைவிடச் செலவு கூடி, சார்ஜரில் இருந்தபடியே சதவீதம் இறங்கும், போனும் சுடும். அதற்கு மருந்து பெரிய சார்ஜர் அல்ல. போனை நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்து, சிக்னல் அதிகம் காட்டும் இடத்துக்கு மாற்றுங்கள்.

உறையைக் கழற்றிவிட்டு, ஓட்டுத் துண்டு அல்லது பீங்கான் தட்டின் மேல் நிறுத்தி வையுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அந்தக் குளிர் பெட்டரிக்கு நல்லதுதான். ஆனால் நடுப்பகல் வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலும் அடுப்பங்கரைப் பக்கமும் அந்தக் குளிர் இல்லை. பனிமூட்டம் உள்ளே வரும் ஜன்னலில் சார்ஜ் துளைக்குள் ஈரம் கோர்த்து, முனைகளில் பச்சை நிறம் படியும். மாதம் ஒரு தடவை போனை அணைத்து, கேபிளைக் கழற்றி, காய்ந்த மென் பிரஷ்ஷால் துடையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் ஈரமும் சூடும் இரண்டும் உள்ளேயே தங்கும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். போன் பெட்டரியில் ஓடும். மின்வெட்டு அறிவித்திருந்தால் மட்டும் முதல் நாள் இரவு 100 வரை ஏற்றலாம். ஒரு நாள் நிறைந்திருப்பதால் கெட்டுப்போகாது.

போன் முழுதாக அணைந்து மறுபடி எழுந்தால் ஹொட்ஸ்பொட் பெரும்பாலும் தானாக வராது, கையால் போட வேண்டும். சிம் பின்னையும் திரைப் பூட்டையும் எடுத்துவிட்டு, ஹொட்ஸ்பொட் தானாக அணையும் அமைப்பையும் நிறுத்துங்கள். பூட்டு இருந்தால், யாராவது திறக்கும்வரை பெரும்பாலான செயலிகள் இயங்காது. பூட்டு இல்லாத போனை யாரும் திறக்கலாம் என்பதால் சொந்தக் கணக்கு, வங்கிச் செயலி எதையும் அந்தப் போனில் விட்டுவைக்க வேண்டாம்.

வாரம் ஒரு தடவை போனைக் கண்ணாடித் தட்டில் மல்லாக்க வைத்து, ஒரு ஓரத்தை விரலால் தட்டிப் பாருங்கள். முன்பு அசையாத போன் இப்போது ஆடினாலோ பம்பரம்போலச் சுழன்றாலோ பெட்டரி ஊதிவிட்டது. திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிவதும் அதே அடையாளம். உடனே சார்ஜரைக் கழற்றி, போனை அணைத்து, மண் சட்டியில் காய்ந்த மணல் போட்டு அதன்மேல் வைத்து, மழை படாத வெளியிடத்தில் விடுங்கள். அமுக்கவோ குத்தவோ கூடாது, மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கவும் கூடாது. குப்பைக் குழியில் போட்டுக் கொளுத்தவே வேண்டாம். ரிப்பேர் கடையில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அந்தச் சட்டியோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.