தேர்தல் நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழு

2025 மே 3 பொதுத் தேர்தலுக்கு முந்திய நாள் சிங்கப்பூரில் கூலிங்-ஆஃப் டே, அன்று பிரசாரம் கூடாது. 2011 முதல் இப்படித்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்பேன்.

எங்கள் வீட்டில் சித்தப்பா ஒரு கட்சி, தம்பி இன்னொரு கட்சி. கட்சியைக் குறை சொன்னால் தன்னையே சொன்னதாக எடுத்துக்கொண்டு சித்தப்பாவின் முகம் வாடிவிடும். அரசியல் சூடேறும்போது குழுவை மியூட் செய்யுங்கள்: 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என மூன்று தெரிவுகள் உண்டு. ஒரு வாரம் போதும். மற்றவர்களுக்குத் தெரியாது, மனத்தாங்கலும் வராது.

கோபத்தில் பதில் தட்டாதீர்கள். அவருக்கே போன் போட்டு, "சாப்பிட்டாச்சா சித்தப்பா?" என்று தொடங்குங்கள். முடிந்தால் தேக்கா சந்தையில் தே தாரிக் வாங்கிக்கொடுத்து நேரில் பேசுங்கள்; எழுத்தில் கேட்காத பாசம் குரலில் கேட்கும்.

அவர் அனுப்பிய செய்தி பொய்யென்றால் தனியாகச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் திருத்தினால் வீம்புதான் கூடும்.

தூக்கம் கெட்டு, படபடப்பு நாள்கணக்கில் நீடித்தால் தேசிய மனநல உதவி எண் 1771 இருக்கிறது, 24 மணி நேரமும். தேர்தலுக்காகவா அழைப்பது என்று தயங்காதீர்கள்.