தேனீ மொய்க்கும் பெயர் தெரியாத பூக்கன்று: அடையாளம் காண்பதில் விடும் பிழைகள்

மாரி ஓய்ந்து தை பிறந்தால் வன்னியில் அநேகமான வளவுகளில் யாரும் நடாத பூக்கன்று ஒன்றாவது வேலியோரத்தில் நிற்கும். காலையில் தேனீ மொய்க்கும். என்ன கன்று என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். காரணம், எல்லாரும் பார்ப்பது பூவின் நிறத்தைத்தான். தண்டையும் இலையையும் காயையும் பார்த்த பிறகு நிறத்துக்கு வந்தால் போதும்.

நீண்ட கதிரைக் கண்டதும் 'நாயுருவி' என்று சொல்லிவிடுவது இங்கே வழக்கமான பிழை. நாயுருவிப் பூவில் இதழ் என்று எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பச்சை கலந்த வெளிறல்தான். காய்கள் கீழ்நோக்கிக் கதிரோடு படிந்து கிடக்கும். உரசிக்கொண்டு போனால் சாரம் முழுக்க ஏறிவிடும். அதேபோல் நீண்ட கதிர் விடும் சீமை நாயுருவி வேறு குடும்பம், அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும். காய் கதிர்த் தண்டிலுள்ள குழிக்குள் புதைந்திருப்பதால் துணியில் ஒட்டாது. நீலப்பூ ஒரு நேரத்தில் சிலதான் விரியும், அன்றைக்கே உதிர்ந்தும் விடும். பின்னேரம் போய்ப் பார்ப்பவருக்கு வெறும் கதிர்தான் மிஞ்சும். தேனீ வந்த கன்று இதுவல்ல என்று அவர் அடுத்த பத்தையைத் தேடிப் போவார்.

'தண்டு சதுரமென்றால் துளசிக் குடும்பம்' என்பது அரைகுறைப் பாடம். துளசி, தும்பை, பேய்மிரட்டி மூன்றுக்கும் சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு பிரிந்த பூ என்பது சரி. ஆனால் நாயுண்ணிக்கும் தண்டு சதுரந்தான், சீமை நாயுருவியின் இளந்தண்டும் ஏறக்குறைய அப்படித்தான். பூ உதிர்ந்த பின் மிஞ்சும் சிறு பச்சைக் கிண்ணத்தை நகத்தால் கிழித்துப் பாருங்கள். துளசி வகையில் அடியில் நாலு மணி இருக்கும், சீமை நாயுருவியில் இரண்டு. நாயுண்ணியில் கறுத்துப் பழுக்கும் சதைக்காய். (நொச்சி இதற்கு விலக்கு. அதை இப்போது துளசிக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள், காயோ சதைக்காய்.)

தேனீ வருகிறது என்பது மட்டும் பெரிய துப்பு அல்ல. எது வருகிறது, வந்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். பூவைக் கட்டிப்பிடித்து 'ர்ர்ர்' என்று அதிரும் பெரிய கருவண்டால் அதை உதிர்க்க முடியும், சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அதிர்வு கேட்டால் மகரந்தப்பையின் நுனியைக் கவனியுங்கள். தேனீ குடிப்பதை நாமும் வாயில் வைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எருக்கலைக்கும்தான் கருவண்டு வருகிறது, அதன் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகுமென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சோழகக் காற்றில் காய்ந்து விழுந்ததை ஒரு பருவக் கன்று என்று கிளறி எறிவது இன்னொரு பிழை. கார்த்திகைப்பூக் கொடியும் அப்படித்தான் முழுதாகக் கருகும், கிழங்கு மண்ணுக்குள் இருந்து மழைக்கு மறுபடி தளிர்க்கும். இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்வதே அதற்கு அடையாளம். கிழங்கு கொடிய நஞ்சு, சிறுவர் கையில் படவிடக்கூடாது.

போனில் பூவை மட்டும் படமெடுத்துவிட்டு முதலில் வரும் பெயரை நம்புவதும் வீண். தண்டில் இலை ஒட்டும் இடம், இலையின் அடிப்பக்கம், காய், முழுக் கன்று எல்லாம் படத்தில் வேண்டும். அதற்கும் பிடிபடாவிட்டால் ஒரு கிளையைப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரமேற்றி உலர்த்துங்கள். எடுத்த இடம், திகதி, கன்றின் உயரம் ஆகியவற்றை எழுதிச் சேர்த்து வையுங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உலர்தாவரங்களுக்கான தேசியச் சேகரிப்பு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எடுக்கும் கிளையில் பூவும் காயும் இரண்டும் இருக்கட்டும். பூ மட்டும் உள்ள கிளைக்குப் படித்தவர்களும் பெயர் சொல்லத் தடுமாறுவார்கள்.