கேம்பர்வேன் அலைகிறதா? அப்சோர்பரை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

பினாங்கு இரண்டாவது பாலத்தின் 24 கிலோமீட்டர் தூரத்தில் பக்கக் காற்று வீசும்போதும், நெடுஞ்சாலையில் பெரிய லோரி முந்திச் செல்லும்போதும் உங்கள் கேம்பர்வேன், அதாவது உள்ளே வீடுபோல் மாற்றிய வேன், ஒரு பக்கமாக இழுபடுகிறது என்றால், கீழ்க்காணும் வரிசையில் அதைச் சோதியுங்கள். இவ்வரிசையை அறியாத நான் பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில், சக்கரங்களின் துள்ளலை அடக்கும் நான்கு அப்சோர்பர்களையும் மாற்றினேன். வண்டி முன்போலவே அலைந்தது.

முதல் வேலை, எடை போடுவது. தண்ணீர், எரிவாயு, சாமான்கள், பயணிகள் என்று பயணத்துக்குப் புறப்படும் நிலையிலேயே வண்டியைப் பழைய இரும்புக் கடையின் எடைமேடைக்குக் கொண்டு சென்று, முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும், முழு வண்டியையும் ஏற்றி மறுமுறையும் நிறுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பின் அச்சின் சுமை. அதைத் தயாரிப்பாளரின் தகட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். என் வண்டியில் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியோ பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தது. அந்த 100 கிலோ, நெம்புகோல்போல் செயல்பட்டுப் பின் அச்சில் 133 கிலோவை ஏற்றி, முன் அச்சிலிருந்து 33 கிலோவைக் குறைத்துவிடுகிறது. முன் சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங் பிடிப்பு தளராமல் என்ன செய்யும்? தொட்டியை இரு அச்சுகளுக்கும் நடுவில் மாற்றிய பிறகே நிலைமை சீரடைந்தது.

அடுத்து, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சுமைக்கேற்பச் சரிசெய்து, சக்கர இணைப்புகளில் உள்ள தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றி, சாமான்களோடேயே அலைன்மெண்ட் (சக்கரங்கள் நேராக அமைந்துள்ளனவா என்ற சோதனை) பாருங்கள்.

இதற்குப் பிறகும் குறை நீடித்தால் மட்டுமே புதிய பாகங்கள். அப்சோர்பர் துள்ளலை அடக்கும், சுமையைத் தாங்காது. ஆண்டி ரோல் பார், வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும். ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப்பை, தாழ்ந்த பின்பகுதியை உயர்த்தும். ஆனால் அச்சின் எடை வரம்பை உயர்த்தாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒன்றைப் பொருத்தி, அதே சாலையில் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததை வாங்குங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அடிப்படை வேனுக்கு ஒருவரும், உள்ளே வீடாக மாற்றிய வேலைக்கு வேறொருவரும் உத்தரவாதம் தந்திருக்கலாம் என்பதால், பாகத்தின் பெயரையும் எண்ணையும் குறிப்பிட்டு இருவரிடமும் எழுத்து மூலம் பதில் பெறுங்கள். "பரவாயில்லை, செய்யலாம்" என்ற வாய்ப்பேச்சு பின்னர் உதவாது. சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டுமா என்று கேளுங்கள். பட்டறை ரசீதில் பாகமும் வேலையும் தனித்தனியே இருக்கட்டும். தகராறு பயனீட்டாளர் நடுவர் மன்றம் வரை சென்றால் அதுதான் சான்று. கழற்றிய பழைய அப்சோர்பர்களையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறியாதீர்கள்; வண்டியை முன்னிருந்தபடி மாற்றிக் காட்டச் சொன்னால் அவை தேவைப்படும்.