அரசுத்துறைப் புத்தாக்கம்: எங்கே தடம் புரள்கிறது?

செயலி வெளியிட்டாயிற்று, எனவே புத்தாக்கம் நடந்தாயிற்று என்று எண்ணுவது முதல் தவறு. புத்தாக்கத்தை வரையறுத்து அளப்பதற்கான பன்னாட்டு வழிகாட்டி ஓஸ்லோ கையேடு. 2018-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு கேட்பது இரண்டு: அந்த அமைப்பின் பழைய முறையிலிருந்து கணிசமாக வேறுபட்டிருக்க வேண்டும், நடைமுறைக்கும் வந்திருக்க வேண்டும். உலகத்துக்கே புதிதாக இருக்கத் தேவையில்லை. அரசாணையோடு நின்றுபோனது கணக்கில் வராது.

1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. வாங்கி வழங்கும் முறையைத்தான் மாற்றியது. மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி, சரக்கை மாவட்டக் கிடங்குகளில் இறக்குகிறார்கள். தயாரிப்பாளர் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணோடு மருந்தின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தரம் தேறிய பிறகே மருத்துவமனைக்கு வழங்கல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதிலுள்ள தொகைக்குள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

இத்தகைய முறையைப் பின்பற்றும்போது ஒப்பந்தப்புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு கிடங்கு, பரிசோதனை, உரிய நேரத்தில் பணம் ஆகியவற்றை விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. பணம் தாமதமாகும் என்று தெரிந்தால் விற்பவர் அதையும் விலையில் ஏற்றுவார், அல்லது ஒதுங்கிவிடுவார்.

ஓஈசிடி (OECD) எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு, அரசுத்துறைப் புத்தாக்கத்தை நான்கு முகங்களாகப் பிரிக்கிறது: இருப்பதை மேம்படுத்துவது, பெரிய இலக்கை நோக்கியது, சூழலுக்கேற்ப மாறுவது, வருங்காலத்துக்கு முன்கூட்டித் தயாராவது. நான்கையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. சான்றிதழ் வழங்கும் நாள்களைக் குறைப்பது முதல் வகை. முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை என்று பார்த்தால் போதும். நான்காம் வகையிடம் முதல் ஆண்டிலேயே பயனாளி எண்ணிக்கை கேட்டால் அதை மூடத்தான் வேண்டிவரும்.

பழைய பதிவேட்டை நிறுத்தாமல் மென்பொருளைக் கொண்டுவருவது அலுவலகங்களில் அன்றாடக் காட்சி. தணிக்கைக்குக் காகிதம் வேண்டும் என்பார்கள். இரட்டை வேலை தாங்காமல் ஊழியர் மாதக் கடைசியில் மொத்தமாகத் தட்டச்சு செய்வார். அந்தத் தரவை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்தப் பதிவேடு எந்தத் தேதியோடு நிற்கிறது என்பதை, தணிக்கைப் பிரிவின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு முதலிலேயே ஆணையாக்குங்கள்.

முன்னோட்டத்துக்குச் சிறந்த வட்டத்தை (தாலுகாவை) தேர்ந்தெடுத்து, தனி அலுவலரையும் போட்டால் எதுவும் வெற்றி பெறும். காலிப் பணியிடம் உள்ள, இணையம் தடுமாறும் ஓர் அலுவலகத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். எந்த இலக்கு எண்ணை எட்டாவிட்டால் திட்டத்தைக் கைவிடுவது என்பதையும் தொடங்கும் முன்பே கோப்பில் எழுதிவையுங்கள்.