செட் போட்டு எடுத்த படத்தைப் படிக்கும்போது எங்கே தவறுகிறோம்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களிடம் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து ‘இதைப் படித்து எழுதுங்கள்’ என்றால், பெரும்பாலோர் உடனே கதை எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் வகுப்பில் அடிக்கடி காட்டும் படம், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கிரெகரி க்ரூட்ஸன் 2001இல் உருவாக்கியது. ஒரு சாதாரண வீட்டின் ஹால். தரையே தெரியாதபடி தண்ணீர் நிற்கிறது. அதில் மெல்லிய இரவு உடையில் ஒரு பெண் மல்லாந்து மிதக்கிறாள். மேசை விளக்குகள் எரிகின்றன. மாடிப்படியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கிறது.

விடைத்தாளில் வருவது இப்படி இருக்கும்: ‘கணவன் ஏமாற்றியதால் மனமுடைந்த பெண் தற்கொலை செய்துகொண்டாள்.’ கணவனை யார் பார்த்தது? அவள் இறந்துவிட்டாள் என்று படத்தில் எங்கே இருக்கிறது? இரண்டையும் மாணவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். இதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

கதை தோன்றுவது தவறில்லை. நம்மைக் கதை தேட வைப்பதற்காகவே அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. தோன்றிய கதையை விடையாக எழுதிவிடுவதுதான் தவறு. செட் போட்டு எடுத்த படத்தில் தற்செயலாக எதுவும் கிடப்பதில்லை. அந்த ஹாலே ஸ்டுடியோவுக்குள் கட்டியது. செருப்பை ஒருவர் அந்தப் படியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதனால் ‘என்ன நடந்தது?’ என்று கேட்பதற்குப் பதில், ‘என்ன நடந்தது என்று என்னைக் கேட்க வைப்பது எது?’ என்று கேளுங்கள். எதை வைத்திருக்கிறார்கள், எதை மறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலான் பார்த் 1970இல் ஒரு சிறுகதையை வரிவரியாகப் பிரித்துப் படித்தபோது ஐந்து குறியீட்டு முறைகளைச் சொன்னார். அவற்றில் இரண்டு நமக்கு இங்கே நேரடியாக உதவும். ஒன்று செயல் சார்ந்தது: ஒரு செயலின் துண்டைக் காட்டினால் முன்னும் பின்னும் உள்ளதை நாம் எதிர்பார்ப்போம். படியில் உள்ள செருப்பு அந்த வகை. யாரோ இறங்கி வந்தார், கழற்றினார், தண்ணீருக்குள் போனார் என்று நம் மனம் வரிசைப்படுத்துகிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருந்தால் செருப்பு அங்கே இருக்காது. இன்னொன்று புதிர் சார்ந்தது: கேள்வியைக் கிளப்பிவிட்டு விடையைத் தள்ளிப்போடுவது. வீடு முழுக்கத் தண்ணீர், ஆனால் மின்சாரம் போகவில்லை, விளக்கு எரிகிறது. நாவலில் விடை கடைசி அத்தியாயத்தில் வரும். புகைப்படத்தில் அடுத்த பக்கமே கிடையாது. புதிர் புதிராகவே நிற்கிறது. ‘இந்தப் படம் விடை தர மறுக்கிறது’ என்று எழுதுவதற்கு மாணவர்கள் பயப்படுகிறார்கள், தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது போல இருக்கிறதாம். மறுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டிவிட்டால் அதுவே நல்ல விடை.

இதே படத்தைச் சென்னை மாணவர்கள் சிலர் வேறுமாதிரி பார்த்தார்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ‘சார், இது வெள்ளம்’ என்றார்கள். அந்த அனுபவத்தை ஒதுக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நம் வீட்டுக்குள் வந்த தண்ணீர் சேறும் சாக்கடையுமாக வந்தது, பொருள்களைப் புரட்டிப் போட்டது. இங்கே தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் நிற்கிறது, அறையைப் பிரதிபலிக்கிறது. ஒப்பிட்டதால்தான் இந்த அமைதியின் செயற்கைத்தன்மை கண்ணுக்குப் படுகிறது.

அடுத்தது, குறியீட்டு அகராதி. சிவப்பு என்றால் ஆபத்து, ஜன்னல் என்றால் விடுதலை, தண்ணீர் என்றால் தூய்மை. இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாப் படத்துக்கும் ஒட்டுவது. 1964இல் பார்த் ஒரு பாஸ்தா விளம்பரத்தை ஆராய்ந்த கட்டுரை எல்லோருக்கும் பாடமாக இருக்கிறது. ஆனால் அதில் உள்ள முக்கியமான விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். வலைப்பையிலிருந்து சரியும் தக்காளி, குடமிளகாய், அந்தச் சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்கள் எல்லாம் ‘இத்தாலித்தன்மை’யைக் காட்டுகின்றன என்கிறார். கூடவே, இது பிரெஞ்சுக்காரருக்கு இத்தாலியைப் பற்றி இருக்கும் மனப்படிவம், இத்தாலியருக்கு அப்படித் தோன்றாது என்றும் சொல்கிறார். அதாவது பொருள் நிறத்துக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. பார்ப்பவரின் அறிவும் சேர்ந்துதான் அது உருவாகிறது. மாடிப்படியில் செருப்பு கிடப்பது, செருப்பை வாசலோடு விட்டுவிடும் நமக்கு உறுத்தும். அமெரிக்கப் பார்வையாளருக்கு அவ்வளவு உறுத்தாது. இந்த வித்தியாசத்தையும் விடையில் சொல்லுங்கள்.

கதைகளின் அமைப்பை ஆராய்ந்த டொடொரோவ் விஷயத்துக்கு வருவோம். சமநிலை, குலைவு, மீண்டும் சமநிலை என்று கட்டம் போட்டு, ஒற்றைப் புகைப்படத்தை அதற்குள் திணிக்கிறார்கள். படத்தில் இருப்பது அதிகபட்சம் ஒரு கட்டம்தான். மீதியை நாமே நிரப்பிவிட்டு டொடொரோவ் தலையில் கட்டுகிறோம். ரஷ்ய ஆய்வாளர் ப்ராப், கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை என்று 1928இல் சொன்ன 31 செயல்களும் அப்படியே. அவர் ஆராய்ந்தது ரஷ்ய மாயாஜாலக் கதைகளை, முதலும் முடிவும் உள்ள கதைகளை. நின்றுபோன ஒரு கணத்துக்கு அவரைவிட ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் உதவுவார். 1766இல் அவர் எழுதினார்: ஓவியருக்கும் சிற்பிக்கும் கிடைப்பது ஒரே கணம். அதனால் உச்சத்தைக் காட்டாமல், கற்பனைக்கு இடம் விடும் கணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இந்தப் படம் எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்தது, ஏன் அதற்கு முந்தையதை விட்டது?’ என்று கேட்டாலே நல்ல விடைக்குப் பாதி தூரம் வந்துவிட்டோம்.

ஆனால் ‘கணம்’ என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஜெஃப் வால் 1993இல் செய்த படம் ஒன்று: திடீர்க் காற்று, வெட்டவெளி, நான்கு பேர், ஒரு தொப்பி பறக்கிறது, ஒருவர் கையிலிருந்து காகிதங்கள் வானம் முழுக்கச் சிதறுகின்றன. மூன்றே முக்கால் மீட்டர் அகலம், பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிய பெட்டியில். மாணவர்கள் ‘அந்த நொடியை அற்புதமாகச் சிறைப்பிடித்திருக்கிறார்’ என்று எழுதுவார்கள். அப்படி ஒரு நொடி இருக்கவே இல்லை. ஓர் ஆண்டுக்கும் மேலாக நடிகர்களை வைத்து எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் ஒட்டிச் சேர்த்தது அது. ‘பிடித்தார்’, ‘பதிவு செய்தார்’ என்ற வினைச்சொற்கள் பழக்கத்தில் வந்துவிடுகின்றன, கவனியுங்கள். ‘அமைத்தார்’, ‘சேர்த்தார்’ என்று எழுதிப் பாருங்கள், பார்வையே மாறும்.

வால் இதற்கு மூலமாக எடுத்துக்கொண்டது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830களின் தொடக்கத்தில் செய்த மர அச்சு ஓவியம். அதில் பின்னால் ஃபூஜி மலை அசையாமல் நிற்கும். வாலின் படத்தில் மலை இல்லை, அந்த வெறுமை பேசுகிறது. மூலம் தெரியாதவருக்கு அந்த வெறுமை வெறும் வயல்வெளிதான். எந்தப் படத்தை மனதில் வைத்து இந்தப் படம் எடுக்கப்பட்டது என்று தேடாமல் விடுவதும் பெரிய தவறு. நமக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. பெங்களூருவின் கலைஞர் புஷ்பமாலாவும் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியும் 2000 முதல் 2004 வரை செய்த படவரிசையில், ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாகவும் தமிழ்ப் படக் காட்சியில் வரும் பெண்ணாகவும் புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கிறார். பழங்குடிப் பெண்ணாக, உடல் அளவெடுக்கும் கட்டங்களுக்கு முன்னும் நிற்கிறார். அந்தக் கட்டத்திரை 19ஆம் நூற்றாண்டின் மானுடவியல் படங்களில் மனிதர்களை அளந்து வகைப்படுத்தப் பயன்பட்டது என்று தெரியாமல் ‘ஒரு பழங்குடிப் பெண்ணின் சோகம்’ என்று எழுதினால், எந்தப் பார்வையை அவர்கள் கேள்வி கேட்கிறார்களோ அதே பார்வையை நாம் திரும்பச் செய்கிறோம்.

‘செட் போட்டதுதானே, அப்போ பொய்’ என்று தள்ளுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்வையாளரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ரொபேர் துவானோ 1950இல் பாரிஸ் நகர மன்றத்துக்கு முன் எடுத்த முத்தப் படம் தற்செயல் காட்சியாகவே பல காலம் ரசிக்கப்பட்டது. முத்தமிட்டவர்களை அவர் ஏற்பாடு செய்திருந்தார் என்று 1990களில் தெரியவந்தபோது பலர் வருந்தினார்கள். க்ரூட்ஸன் படத்தைப் பார்த்து யாரும் அப்படி ஏமாறுவதில்லை.

தலைப்பும் விளக்கக் குறிப்பும் தனி விஷயம். பிரெஞ்சுக்காரர் இப்போலித் பயார் 1840இல் தன்னைத்தானே பிணமாகப் படம் எடுத்தார். கண் மூடி, இடுப்புக்கு மேல் வெற்றுடம்பாக, சுவரில் சாய்ந்திருக்கிறார். நானும் ஒரு புகைப்பட முறையைக் கண்டுபிடித்தும், இன்னொரு கண்டுபிடிப்பாளரான டாகேருக்கே அரசு ஆதரவு தந்தது, அதனால் நீரில் மூழ்கி இறந்துவிட்டேன் என்று படத்தின் பின்புறம் எழுதிவைத்தார். முகமும் கையும் அழுகத் தொடங்கிவிட்டன என்றும் எழுதினார். படத்தில் அவை கருத்துத்தான் இருக்கின்றன. குறிப்பைப் படிக்காவிட்டால் அவர் தூங்குகிறார். படித்துவிட்டால் அதே கருமை அழுகலாகிவிடுகிறது. அவர் 1887 வரை உயிரோடு இருந்தார். சொற்கள் படத்தின் பொருளை ஓரிடத்தில் நிறுத்துவதை பார்த் நங்கூரம் என்றார். நமக்கு இது பழகியதுதான். சங்க அகப்பாடலில் பேசுபவருக்குப் பெயர் இல்லை. ‘தலைவன் பிரிந்தபோது தோழி சொன்னது’ என்பது போன்ற துறைக் குறிப்பு பின்னால் சேர்ந்தது. குறிப்பை மூடிவைத்துவிட்டுப் பாட்டை முதலில் படித்துப் பார்ப்போம் அல்லவா, படத்திலும் அதைச் செய்யுங்கள். க்ரூட்ஸனின் படம் ‘தலைப்பில்லாதது’ என்றுதான் தொடங்குகிறது, அடைப்புக்குறிக்குள் ஒஃபீலியா என்ற, நீரில் மூழ்கி இறக்கும் ஷேக்ஸ்பியர் நாயகியின் பெயர். அந்த ஒரு பெயர் தண்ணீரை ஆறாக்குகிறது, பெண்ணைக் காதலால் சிதைந்தவளாக்குகிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் அந்த உதவியைக்கூடத் தரவில்லை. 1977 முதல் 1980 வரை, எந்தச் சினிமாவிலும் இல்லாத காட்சிகளுக்கு ‘ஸ்டில்’ எடுத்தார், எல்லாவற்றிலும் அவரே. தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிய ஸ்டில்களைப் பார்த்தே முழுக் கதையையும் சொல்லிவிடும் பழக்கம் நமக்கும் இருந்தது, அதே பழக்கத்தைத்தான் இவை பிடித்துக்கொள்கின்றன. 1979இல் எடுத்த 48ஆம் எண் படத்துக்கு எண் மட்டும்தான். பார்த்தவர்கள் அதற்கு ‘லிஃப்ட் கேட்கும் பெண்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் யாரிடமும் கை நீட்டவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, நமக்கு முதுகைக் காட்டி, வெறிச்சோடிய சாலையைப் பார்த்து நிற்கிறாள். முகம் இல்லை, வண்டி இல்லை. அவளுக்குப் பின்னால், அவள் அறியாத இடத்தில் கேமரா நிற்கிறது. சினிமாவில் அந்த இடத்தில் நிற்பவர் யாராக இருப்பார்? விடையின் முதல் பத்தியில் இதை எழுதுங்கள். அவள் எங்கிருந்து ஓடி வந்தாள் என்பது வேண்டாம்.