பிளவை ஒட்டிய பல்லுக்கு பிரஷ் போடுவது எப்படி

என் மகள் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவுமாகப் பிறந்தவள். தையல் எல்லாம் ஆறின பிறகும், பிளவை ஒட்டி முளைத்த முன்பல் பிரஷ் பட்டாலே கூசும். அந்தப் பக்கம் கை போனதும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அடம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்துப் பல்லில் எனாமல் சரியாக உருவாகாமல் இருக்கலாம். பல் திரும்பி, ஒன்றையொன்று நெருக்கி முளைப்பதால் இடுக்கில் அழுக்கு தங்கி ஈறும் வீங்கும். கூசுகிறதே என்று விட்டுவிட்டால் அந்தப் பல்தான் முதலில் சொத்தையாகும்.

அதனால் நான் எப்போதும் அந்தப் பல்லிலிருந்தே ஆரம்பிப்பேன், அவள் பொறுமை தீர்வதற்குள். மற்ற பற்கள் பிறகு.

சின்னத் தலையுள்ள, மிக மென்மையான பிரஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். அண்ணத்தில் துளை மிச்சம் இருந்தால், படுக்கவைத்துத் தேய்க்கும்போது நுரை மூக்குக்கு ஏறும். இனி ஆள்காட்டி விரலை மேலுதட்டுக்குள் விட்டு, தழும்புக்குப் பக்கத்தில் சும்மா வைத்திருங்கள். தழும்பு உதட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். வெடுக்கென்று தூக்கினால் வலி உயிர் போகும். கொஞ்ச நேரத்தில் உதடு தளரும், அப்போது தூக்குங்கள். பிரஷைப் பென்சில் பிடிப்பதுபோல் பிடித்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து, குட்டிக் குட்டி வட்டமாகத் தேய்க்கவும். திரும்பிய பல்லுக்கு பிரஷைச் செங்குத்தாக்கி நுனியால் மட்டும். பல்லின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். அதற்கும் எட்டாத இடுக்குக்கு ஒற்றைக் கொத்து பிரஷ் (நுனியில் ஒரே ஒரு சின்னக் கொத்து மட்டும் உள்ளது) இருக்கிறது, வாங்கி வையுங்கள்.

ஃப்ளோரைடு பேஸ்ட் 3 வயது வரை அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு போதும். துப்பச் சொல்லுங்கள், வாய் கொப்புளிக்க வேண்டாம். பெரியவர்களின் கூச்ச பேஸ்ட்டை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பல் மருத்துவர் ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பல்லில் பூசுவார், என் மகளுக்கு அது நன்றாகக் கேட்டது. ஈறு எலும்பு ஒட்டு அறுவை, அதாவது ஈறுக்குள் பிளந்திருக்கும் எலும்பை வேறு எலும்பு வைத்து நிரப்பும் அறுவை சிகிச்சை, பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள் வரும். அதற்கு முன் ஈறு வீக்கமின்றி இருக்க வேண்டும்.

எதுவும் படாமலே இரவில் வலித்தால் அது வெறும் கூச்சம் இல்லை. மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.