ஆறு ஏறுவதை முன்பே அறிய: நீர்மட்ட சென்சார் வைப்பது எப்படி

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் எல்லோர் போனிலும் செம்பரம்பாக்கம் ஏரிதான். இன்று எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்தார்கள் என்று. ஆனால் தாம்பரம் பக்கம் அடையாற்றங்கரையில் இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்கு அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே, அதாவது நம்மைத் தாண்டிப் போன பிறகு. நம் தெருவுக்குள் வருவது ஆதனூர், மணிமங்கலம், படப்பை பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். 2015 டிசம்பரில் திறந்துவிட்ட 29,000 கன அடி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கதை. நம் கதை அதற்கு முன்பே மேலே தொடங்கிவிட்டது. அதனால் நம் தண்ணீரை நாமே அளப்பதுதான் வழி: ஆற்றுப் பாலத்தில் ஒரு சென்சார், நம் மொட்டை மாடியில் ஒரு சைரன்.

நான் யுபிஎஸ், இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்ப்பவன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சால்டரிங் கை இருந்தால் போதும். சாமான் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும்: ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார், பாலத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என இரண்டு ஈஎஸ்பி32 போர்டு (புரோகிராம் போடும் குட்டிக் கம்ப்யூட்டர்), இரண்டு லோரா மாட்யூல் (ரேடியோ அலையில் செய்தி அனுப்ப, வாங்க), டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், சின்ன சோலார் பேனல், பேட்டரி. லோரா வாங்கும்போது 868 மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டு வாங்கி, புரோகிராமில் 865-867க்குள் அமையுங்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்த அலைவரிசை அது. ஆன்டெனா மாட்டாமல் கரண்ட் கொடுத்தால் மாட்யூல் போய்விடக்கூடும்.

வயரிங்கில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட் தரும், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். இரண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம், ஈஎஸ்பி32 முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பிரித்தால் கணக்கு சரியாக வந்துவிடும்.

இனி பொருத்தும் இடம். வேலையில் பாதி இதுதான். சென்சார் பாலத்திலிருந்து கீழே பார்த்தபடி ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 25 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அதற்குக் கண் தெரியாது, உளற ஆரம்பிக்கும். அதுவும் மிகத் தேவையான நேரத்தில். ஆகவே பழைய வெள்ளக் கோட்டைத் தேடிப் பிடித்து, அதற்கு மேல் அரை மீட்டராவது தள்ளிப் பொருத்துங்கள். மேலேயும் எல்லை உண்டு: தண்ணீர் வற்றிய காலத்திலும் தூரம் நாலு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. தூண் பக்கத்தில் வைத்தால் ஒலி தூணில் பட்டுத் திரும்பும். கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு ஜிஐ பைப்பை வெளியே நீட்டி, அதன் முனையில் மாட்டுங்கள். பாலத்தின் கீழ்நீர்ப் பக்கம் வைத்தால் அடித்து வரும் மரக்கிளை நேராக வந்து மோதாது. அடையாற்றில் இன்னொரு தொல்லை ஆகாயத்தாமரை. அது அடைந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் அல்ல, இலைதான் மட்டமாகத் தெரியும். பாலம் அரசுச் சொத்து. நெடுஞ்சாலைத் துறையிலோ நீர்வளத் துறையிலோ, பாலம் யாருடையதோ அவர்களிடம் நலச் சங்கத்தின் பேரில் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் வெயில். ஒலியின் வேகம் 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர், 35 டிகிரியில் 352. நாலு மீட்டர் தூரத்தில் இது ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உச்சிவெயிலில் ஆறு ஏறியதாகவும் இரவில் இறங்கியதாகவும் காட்டும். ஒரு துளி மழை இல்லாமல் தினமும் மதியம் வெள்ளம்! அதற்குத்தான் அந்த டிஎஸ்18பி20. ஒவ்வொரு முறையும் பதினைந்து அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி போட்டால் குறுக்கே பறந்த ஒரு காக்கை மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

சாதாரண நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு போதும், மற்ற நேரம் போர்டு தூங்கட்டும். மட்டம் ஏறத் தொடங்கினால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. எச்சரிக்கைக்கு உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். இத்தனை நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதுதான் முக்கியம்: நிரம்பியே ஓடும் ஆற்றைவிட, அரை மணி நேரத்தில் ஒரு அடி ஏறும் ஆறு ஆபத்து. எந்த அளவில் எந்தத் தெரு மூழ்கும் என்பதை சென்சார் சொல்லாது. முதல் மழைக்காலத்தில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக நின்று, 'பாலத்தில் இவ்வளவு, மூலைக் கடைவாசலில் கணுக்கால் அளவு' என்று எழுதிவைக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒரு வாரம் சூரியனே தெரியாமல் போகும். சோலார் இல்லாமல் பத்து நாள் ஓடும்படி பேட்டரி போடுங்கள். ஈஎஸ்பி32 தூங்கும்போது சாப்பிடுவது மிகக் கொஞ்சம். ஆனால் போர்டில் எரியும் சிவப்பு எல்இடி விடிய விடிய பேட்டரியைத் தின்னும். அதைக் கழற்றி எறியுங்கள்.

செய்தி போய்ச் சேரும் இடம் ஒரு மொட்டை மாடி. லோராவுக்கு சிம் வேண்டாம், டவர் வேண்டாம். 2015ல் கரண்டும் போனும் சேர்ந்தே போயின, அதனால்தான் இந்த ஏற்பாடு. வீடுகள் நெருக்கமான ஊரில் ஒரு கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். மாடியில் ரிசீவரோடு 12 வோல்ட் சைரன், யுபிஎஸ்ஸில் வரும் 7 ஏஎச் பேட்டரி, சைரனை ஆன் செய்ய ஒரு ரிலே. வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பலாம்தான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதை யார் பார்ப்பது? சைரனைத் தரைத்தளத்துக்காரர்களுக்குக் கேட்கும்படி வையுங்கள். இன்னொன்று: அரை மணி நேரமாகப் பாலத்திலிருந்து செய்தியே வரவில்லை என்றால் ரிசீவர் சின்னதாக பீப் அடிக்க வேண்டும். வெள்ளமே சென்சாரைக் கொண்டுபோயிருக்கலாம்.

முடிந்தால் படப்பை, மணிமங்கலம் பக்கம் தெரிந்தவர் மாடியில் ஒரு மழைமானியும் வையுங்கள். அங்கே பெய்வது இங்கே வர நேரம் எடுக்கும், அந்த நேரம் நமக்கு லாபம். குட்டி வாளி நிரம்பும்போதெல்லாம் கவிழ்ந்து எண்ணும் வகையில், வட்ட வாய் 20 சென்டிமீட்டர் அகலம், 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை கவிழும் என்றால், ஒவ்வொரு முறையும் 6.28 மில்லி தண்ணீர். சரிபார்க்க 628 மில்லியை அளந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். நூறு முறை கவிழ வேண்டும். இவ்வளவு தூரத்துக்கு லோரா எட்டாது, அந்த வீட்டு வைஃபையே போதும்.

புரட்டாசியில் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மழைமானிக்குள் இலைச்சருகு, சென்சார் முகத்தில் சிலந்திவலை, பெட்டிக்குள் எறும்பு, மூன்றும் நிச்சயம் இருக்கும். சைரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடித்துக் காட்டி, அடித்தால் வண்டியை எங்கே நிறுத்துவது, நடக்க முடியாத பெரியவர்களை யார் மாடிக்கு ஏற்றுவது என்று பேசி வையுங்கள். 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டத்துக்கு. இரண்டு எண்ணையும் சைரன் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.